மரப் போர்க்கப்பல் கிட்: முதல் பலகை ஒட்டுவதற்கு முன்னால்

கேள்வி இது: மரவேலைப் பழக்கம் கிடையாது. பழைய பிரிட்டிஷ் போர்க்கப்பல் விக்டரியின் மரக் கிட் ஒன்றை, அதாவது துண்டுகளை ஒட்டிச் சிறிய மாதிரிக் கப்பலாகக் கட்டும் தொகுப்பை, வாங்கிக் கட்ட ஆசை. முடியுமா, எங்கிருந்து தொடங்குவது, எவ்வளவு காலம் பிடிக்கும்?

முடியும். ஆனால் முதல் கப்பலாக விக்டரி வேண்டாம்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 1765-ல் நீரில் இறங்கிய விக்டரி, 1805-ல் டிராஃபல்கர் சண்டைக்குப் போனபோது 104 பீரங்கிகளைச் சுமந்தது. பீரங்கி வண்டி ஒன்றுக்கே இரண்டு பக்கக் கட்டை, இரண்டு அச்சு, நான்கு சக்கரம் என்று எட்டுத் துண்டுகள். கீழ்த்தளங்களுக்குக் குழாயின் முன்பாதியை மட்டும் செருகினால் போதும் என்று பல கிட்டுகள் சலுகை தரும். அப்படியும் மேலே கண்ணில் படுகிற முப்பது நாற்பது வண்டிகளை முழுதாகக் கட்டியாக வேண்டும். முதல் வண்டி விளையாட்டாக இருக்கும், ஐந்தாவது நன்றாக வரும், பதினைந்தாவதில் பெட்டியை மூடிப் பரண் மேல் வைக்கத் தோன்றும். எனக்குத் தெரிந்து பாதியில் நின்ற பெரிய கப்பல்களில் பெரும்பாலானவை இப்படிச் சலித்துப்போய்த்தான் நின்றன.

இடமும் ஒரு சங்கதி. முகச்சிலையிலிருந்து பின்விளிம்பு வரை அசல் விக்டரி 69.3 மீட்டர். 1:72 அளவு, அதாவது அசலில் 72-ல் ஒரு பங்கு என்றால் 96 செ.மீ. முன்முனையான அணியத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சாய்மரம் தனி. உயரமும் ஒரு மீட்டரை நெருங்கும்.

ஒற்றைப் பாய்மரக் கட்டர் ஒன்றில் தொடங்குங்கள். கடத்தல்காரர்களைத் துரத்த பிரிட்டிஷ் கடற்படை வைத்திருந்த வேகமான சிறுகலம் அது; 1763-ஆம் ஆண்டின் ஷெர்போர்ன் போன்றவற்றுக்கு 1:64 அளவில் கிட் உண்டு. பீரங்கி பத்துக்குள். பாய்மரம் ஒன்றுதான். ஆனால் ஏரா, வங்கு, இரண்டு அடுக்குப் பலகை, பீரங்கி வாசல், கயிற்றேணி என்று விக்டரியில் உள்ள ஒவ்வொரு வேலையும் அதிலும் இருக்கிறது, எண்ணிக்கைதான் குறைவு. தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஏழு முதல் பத்து மாதத்தில், 200 முதல் 300 மணி நேரத்தில் முடியும். விக்டரி ஆயிரம் மணி நேரத்தைச் சாதாரணமாகத் தாண்டும்.

சொற்களைக் கண்டு மிரள வேண்டாம். கப்பலின் அடியில் நெடுக ஓடும் முதுகெலும்பு போன்ற கட்டையை, கிட் புத்தகம் ‘கீல்’ என்பதை, நம் படகுத் தச்சர் ஏரா என்பார். அதன் மேல் குறுக்கே நிற்கும் சட்டங்கள் வங்கு. முன்முனை அணியம். பாயைத் தாங்கும் குறுக்குமரம் பருமல். ‘பிளாக்’ என்பது நம் கப்பிதான். கிட்டில் வரும் வங்கு மட்டும் அசலில் இருப்பதுபோல வளைந்த விலா கிடையாது. கப்பலைக் குறுக்கே சீவி எடுத்தது போன்ற முழுத் தகடு. ஏராத்தகட்டில் உள்ள காடிகளில் இவற்றை வரிசையாகச் செருகினால் எலும்புக்கூடு தயார். அதன் மேல் 1.5 மி.மீ. தடிமனில் மென்மரப் பட்டைகள் ஓர் அடுக்கு, அவற்றின் மேல் அரை மில்லிமீட்டரோ ஒன்றோ தடிமனில் வால்நட் போன்ற நல்ல மரப் பட்டைகள் இன்னோர் அடுக்கு. பெரும்பாலான கிட்டுகளின் கட்டுமானம் இதுதான்.

நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இந்த எலும்புக்கூட்டைப் பற்றி. கப்பல் அழகாக வருமா, கோணிப்போகுமா என்பது முதல் பலகை ஒட்டுவதற்கு முன்பே ஏறத்தாழ முடிவாகிவிடுகிறது. அந்த வேலை முழுவதும் உள்ளே மறைந்துபோவதால் புதியவர்கள் அதை இரண்டு மாலைப்பொழுதில் முடித்துவிட்டுப் பலகைக்குத் தாவுகிறார்கள். நானும் தாவினேன். என் முதல் கப்பலை மேலிருந்து பார்த்தால் அரிவாள் மாதிரி இருக்கும். ஏராத்தகடு இரண்டு மில்லிமீட்டர் வளைந்து வந்திருந்தது. பலகை ஒட்ட ஒட்ட நேராகிவிடும் என்று நினைத்தேன். பலகை அந்த வளைவை அப்படியே நிரந்தரமாக்கிவிட்டது.

ஆகவே பெட்டியைத் திறந்ததும் ஏராத்தகட்டை ஒரு கண்ணாடி மேல் படுக்கவைத்துப் பாருங்கள். ஓரம் எங்காவது தூக்கினால் லேசாக ஈரம் காட்டி, தட்டையாக வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி இரண்டு நாள் விடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாற்றுத் துண்டு கேட்டு எழுதுவதே நல்லது. வங்குகளை எண் எழுதாமல் அவை வரும் மரத்தாளிலிருந்து பிரிக்காதீர்கள். ஏழும் எட்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், இடம் மாறினால் பலகையில் ஒரு பள்ளமும் ஒரு மேடும் வரும்.

காடி இறுக்கமாக இருந்தால் சுத்தியலைத் தொடாதீர்கள். பத்துக் காடிகளில் இறுக்கிச் செருகினால் தகடு ஆப்பு வைத்ததுபோல விரிந்து வளையும். அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, விரல் அழுத்தத்தில் வங்கு இறங்கும் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். எல்லாவற்றையும் பசையில்லாமல் ஒருமுறை செருகிப் பார்த்துவிட்டுப் பிறகு ஒட்டுங்கள். செங்கோணத்துக்கு லெகோ கட்டைகள் அருமையானவை: வங்குக்கு இருபுறமும் ஒவ்வொன்றை நெருக்கி வைத்துக் கிளிப் போட்டால் அசையாது. பசை, சாதாரண வெள்ளை மரப்பசை போதும். அது தரும் பத்து நிமிட அவகாசம் இந்தக் கட்டத்தில் பெரிய வரம்.

அடுத்து, அணியத்தில் முதல் இரண்டு வங்குகளுக்கு நடுவே மென்மரக் கட்டைகளை வைத்து நிரப்புங்கள். சில கிட்டுகள் இதைச் சொல்வதில்லை, கட்டையும் தருவதில்லை. பலகை மிகக் கடுமையாக வளையும் இடம் அதுதான். அங்கே வெறும் 4 மி.மீ. விளிம்பில் ஒட்டுவதைவிட முழுப்பரப்பில் ஒட்டினால் தலைவலி பாதியாகக் குறையும்.

இனி இழைப்பு. வங்கின் விளிம்பு லேசரால் வெட்டப்பட்டுக் கரியாக, தட்டையாக இருக்கும். பலகையோ அதன் மேல் சாய்வாக ஓடப்போகிறது. பலகை முழு விளிம்பிலும் உட்கார வேண்டுமானால் விளிம்பைச் சரிவாகச் சீவ வேண்டும். அணியப் பக்கத்து வங்குகளில் முன்விளிம்பைக் குறைப்போம், நடுக்கப்பலைப் பார்க்கும் விளிம்பை விட்டுவிடுவோம். பின்பக்கத்தில் நேர்மாறு. லேசர்க் கரி இங்கே நமக்கு உதவுகிறது: எங்கே கரி போயிருக்கிறதோ அங்கே உப்புத்தாள் தொட்டிருக்கிறது. நடுக்கப்பலைப் பார்க்கும் ஓரத்தில் மயிரிழை அளவு கரி மிஞ்சும்வரை இழைத்து நிறுத்துங்கள்.

ஒரு வங்கை மட்டும் தனியாகத் தேய்க்காதீர்கள். ஓரடி நீளமுள்ள, கொஞ்சம் வளையக்கூடிய பட்டையில் 120-ஆம் எண் உப்புத்தாளை ஒட்டி, எப்போதும் மூன்று வங்குகளின் மேல் ஒருசேரத் தவழும்படி இழுங்கள். பிறகு ஒரு பலகைப் பட்டையை எடுத்து அணியத்திலிருந்து பின்முனை வரை விரலால் அழுத்திப் பிடித்து, பின்னால் விளக்கு வைத்துப் பாருங்கள். வங்குக்கும் பட்டைக்கும் இடையில் ஒளிக்கீற்று தெரிந்தால் அங்கே பள்ளம். மெல்லிய மரத்துண்டு ஒட்டி ஏற்றுங்கள். பட்டை ஓரிடத்தில் முழங்கை மாதிரி மடிந்தால் அங்கே மேடு. மேலே, நடுவே, அடியே என்று மூன்று நான்கு மட்டங்களில் இப்படிச் சோதிக்க வேண்டும். ஒரு வாரம் போகும். போகட்டும்.

பின்முனையில் ஒரு கணக்கு இருக்கிறது, புத்தகங்கள் அதைப் போகிற போக்கில் சொல்லும். சுக்கான் தொங்கும் செங்குத்துக் கட்டை 5 மி.மீ. தடிமன் என்று வையுங்கள். பலகை ஒரு பக்கம் 1.5-ம் 0.5-ம் சேர்ந்து 2 மி.மீ. இரண்டு பக்கமும் 4. அப்படியானால் நடுவே இருக்கும் ஏராத்தகடு அந்த இடத்தில் 1 மி.மீ. அளவுக்குச் சீவப்பட்டிருக்க வேண்டும். சீவாமல் ஒட்டினால் பலகைகள் கட்டையைவிடப் பருத்து இருபுறமும் பிதுங்கும், சுக்கான் ஒரு பள்ளத்தில் மாட்டியது போலத் தெரியும். பலகை ஏறிய பிறகு இதைத் திருத்த வழியே இல்லை.

இப்போது பலகை. புதியவர்கள் அத்தனை பேரும் இடறும் இடம் ஒன்றுதான்: கப்பல் நடுவில் பருத்தும் அணியத்தில் ஒடுங்கியும் இருக்கிறது, பட்டையோ நெடுக ஒரே அகலம். நடுவங்கில் தளவிளிம்பிலிருந்து ஏரா வரை ஒரு காகிதக் கீற்றைச் சுற்றி அளந்தால் 110 மி.மீ. என்று கொள்ளுங்கள். பட்டை 5 மி.மீ. என்றால் 22 பட்டைகள். அதே அளவை அணியத்தில் எடுத்தால் 66 மி.மீ.தான் வருகிறது. 22 பட்டைகளும் அங்கே போய்ச் சேர வேண்டும் என்றால் ஒவ்வொன்றும் 3 மி.மீ. ஆக ஒடுங்க வேண்டும். நடுவில் 5, அணியத்தில் 3, இடையில் உள்ள வங்குகளில் அதே விகிதப்படி. பட்டையைக் கிளிப்பில் பிடித்து, இரும்பு ஸ்கேலை வைத்துச் சீவி, உப்புத்தாளில் ஓரத்தை நேராக்கினால் ஐந்து நிமிட வேலை. பாதி அகலத்துக்கும் கீழே ஒடுக்கும் நிலை வந்தால் சீவுவதை நிறுத்தி, இரண்டு பட்டைகளை ஒன்றாக முடித்துவிடுங்கள். பின்பக்கத்தில் சில கப்பல்களில் அளவு கூடும். அங்கே கூர்முனைத் துண்டுகளை இடைச்செருக வேண்டும்.

ஒடுக்காமல் ஒட்டினால் என்ன? பட்டை தட்டைப்பக்கமாக எளிதில் வளையும். ஓரப்பக்கமாக, ஒரு ஸ்கேலை அதன் விளிம்பு வழியே வளைப்பது போல, வளையவே வளையாது. வற்புறுத்தினால் ஒரு விளிம்பு வங்கைவிட்டு மேலே எழும்பிவிடும். அடுத்த பட்டை அதன் மேல் ஏறும். அணியத்தில் ஓட்டுக்கூரை மாதிரி படிப்படியாக நிற்கும் கப்பல்களை நீங்கள் பார்த்திருக்கலாம். அதன் காரணம் இதுதான். ஏராவை ஒட்டிய முதல் பட்டையை அணியத்தில் மேலே ஏறவிடுவதும் இதே நோயின் இன்னொரு வடிவம்.

வளைக்க, பட்டையை வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, கப்பல் மேலேயே கிளிப் போட்டு இரவு முழுக்கக் காயவிடுங்கள். ஈரத்தோடு ஒட்டாதீர்கள். மரம் ஈரத்தில் அகலவாக்கில் உப்பும். காய்ந்ததும் சுருங்கி, இடைவெளி விடும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி ஒட்டுங்கள். ஒரு பக்கம் முழுதாக முடித்தால் அந்தப் பக்கமே கப்பலை இழுத்து முறுக்கிவிடும்.

இரண்டு பக்கத்தையும் அளக்க எண்ணைவிடக் காகிதக் கீற்றையே நம்புங்கள்: ஒரு பக்கத்தில் குறித்த அதே கீற்றை மறுபக்கத்தில் வையுங்கள். ஸ்வீடனின் வாசா நினைவுக்கு வருகிறது. 1628 ஆகஸ்ட் 10-ல் முதல் பயணத்திலேயே கவிழ்ந்த 64 பீரங்கிக் கப்பல் அது. 1961-ல் மேலே தூக்கினார்கள். தச்சர்களின் அளவுகோல்கள் நான்கு கிடைத்தன. இரண்டில் அடிக்கு 12 அங்குலம், இரண்டில் 11. இடப்பக்கமும் வலப்பக்கமும் சமமாக இல்லை. கவிழ்ந்ததற்கு முதன்மைக் காரணம் மேற்பாரம் கூடிப்போனதுதான் என்றாலும், அந்த அளவுகோல்களை நினைக்காமல் என்னால் கப்பல் கட்ட முடிவதில்லை.

முதல் அடுக்கு அசிங்கமாக இருக்கலாம். மறையப்போகிறது. பள்ளங்களில் மரமாவுப் பூச்சு அடைத்து, 180, 240 என்று தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுங்கள்; கண் தவறவிட்ட மேட்டைக் கை சொல்லும். இரண்டாம் அடுக்கு அரை மில்லிமீட்டர் மட்டுமே என்றால் அதைத் தேய்த்துச் சமன் செய்ய வழி இல்லை, ஓட்டை விழுந்துவிடும். சமன் இங்கேயே முடிய வேண்டும். தேய்க்கும்போது முகமூடி கட்டாயம். வால்நட் தூள் மூக்கையும் தோலையும் உறுத்தும்.

மரத்தைப் பற்றி ஒன்று. அசல் விக்டரி பெரும்பாலும் ஓக். 1817-ல் பம்பாயில் தேக்கில் கட்டப்பட்ட டிரிங்கோமலி என்ற போர்க்கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கிறது. அப்படியானால் மாதிரியிலும் ஓக், தேக்கு போடலாமே என்று தோன்றும். வேண்டாம். ஒரு மி.மீ. அகல ரேகை 1:64 அளவில் 64 மி.மீ. விரிசலாகக் கண்ணுக்குப் படும். பேரிக்காய் மரம், பாக்ஸ்வுட் போல ரேகை தெரியாத மரமே பொருந்தும். கிட்டுகளில் வரும் வால்நட் கூட என் கண்ணுக்குக் கொஞ்சம் முரடுதான்.

பீரங்கி வாசல்களில் ஒரு நுட்பம்: மேல், கீழ் விளிம்புகள் தளத்தின் வளைவோடு போகும், பக்க விளிம்புகள் மட்டும் ஏராவுக்குச் செங்குத்தாக நிற்கும். ஆகவே அணியம், பின்முனைப் பக்கங்களில் வாசல் சற்றே சாய்சதுரமாகத் தெரியும். நாலு மூலையும் செங்கோணமாக வெட்டினால் பல்வரிசை கோணியதுபோல இருக்கும். வெட்டுவதற்கு முன் ஒரு பீரங்கியை வண்டியோடு தளத்தில் வைத்து, குழாய் வாசலின் நடுவில் வருகிறதா என்று பாருங்கள். ஒரு கிட்டில் நான் வரைபடத்தை நம்பி வெட்டிவிட்டு, பத்து வண்டிகளின் சக்கரத்தையும் ஒரு மில்லிமீட்டர் தேய்த்து இறக்க வேண்டியிருந்தது.

தளப்பலகை சுகமான வேலை. அசலில் 20 முதல் 30 அடிவரை நீளம். 24 அடி என்றால் 1:64-ல் 114 மி.மீ. ஒவ்வொரு பட்டையின் ஓரத்திலும் மென்மையான பென்சிலை இழுத்து ஒட்டினால் கலப்பத்து அடைத்த (பலகை இடுக்கில் நீர் புகாமல் நாரும் தாரும் அடைத்த) கருங்கோடு தானாக வந்துவிடும். அடியில் செப்புத்தகடு பதிக்கச் சொல்லும் கிட் என்றால் பின்முனையிலிருந்து முன்னோக்கிப் போங்கள். செம்பில் விரல்ரேகை பட்டால் சில வாரத்தில் கறுத்து எழும், உடனே துடையுங்கள். நிறம் பூசுவது பற்றிச் சொல்ல அதிகமில்லை: தண்ணீர் போல மெல்லிய பூச்சு நான்கு, தடித்த பூச்சு ஒன்றைவிட மேல். கப்பல் சுவரின் உட்பக்கச் சிவப்பு ரத்தக்கறையை மறைக்கத்தான் என்ற கதையை எங்கும் கேட்பீர்கள். செங்காவி மலிவான வண்ணம் என்பதே எளிய காரணம். ஆறடி ஆள் 1:64-ல் 29 மி.மீ. அந்த உயரத்துக்கு அட்டையில் ஒருவனை வெட்டித் தளத்தில் நிறுத்திவைத்துக்கொண்டால் கைப்பிடி, ஏணி, கதவு எது பெரிதாகிவிட்டாலும் அவன் காட்டிக்கொடுப்பான்.

கயிறுகளைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். பலகையை ஒழுங்காக முடித்தவருக்கு இது பொறுமை மட்டுமே கேட்கும் வேலை. பாய்மரத்தைத் தாங்கி நிரந்தரமாக நிற்கும் கயிறுகள் தார் பூசியவை, அதனால் கருப்பு அல்லது கரும்பழுப்பு. பாயையும் பருமலையும் இயக்க ஓடும் கயிறுகள் வைக்கோல் நிறம். கப்பிகளைப் பாய்மரத்திலும் பருமலிலும் மேசை மேல் வைத்தே கட்டிவிடுங்கள். மரத்தை நட்ட பிறகு அந்த இடத்துக்குக் கை போகாது. கயிறு கட்டும் வரிசை உள்ளிருந்து வெளியே, கீழிருந்து மேலே.

கயிற்றேணியின் படிகள் அசலில் சுமார் 13 அங்குல இடைவெளி, 1:64-ல் 5 மி.மீ. கோடு போட்ட தாளை ஏணிக்குப் பின்னால் செருகிக்கொண்டு கோட்டுக்கு ஒரு படி கட்டினால் போதும். நடுக்கயிறுகளில் இரட்டை வளைய முடிச்சு. அதை இழுத்து இறுக்காமல், உட்காரவைக்கும் அளவுக்கு மட்டும் பிடியுங்கள். எல்லாப் படியையும் இறுக்கினால் பக்கக் கயிறுகள் உள்ளே இழுபட்டு ஏணி உடுக்கை மாதிரி இடை சிறுத்துவிடும். பத்துப் படிக்கு ஒருமுறை தள்ளி நின்று பாருங்கள். முடிச்சில் சூப்பர் க்ளூ வைத்தால் நூல் கம்பியாகி, வெள்ளைப் புள்ளி பளபளக்கும். நீர்விட்ட வெள்ளைப்பசையை ஊசிமுனையில் தொட்டு வைத்தால் காய்ந்ததும் தெரியாது, பிழை வந்தால் நனைத்துப் பிரிக்கவும் முடியும்.

பாய் வைப்பதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம். நான் வைப்பதில்லை, துணியின் நெசவு எந்த அளவிலும் முரடாகத் தெரிகிறது. பின்னால் பெரிய கப்பல் கட்டி அதில் பாய் வேண்டாம் என்று முடிவெடுத்தால், மேற்பாய்ப் பருமலை உச்சியில் விட்டுவைக்காதீர்கள். பாய் விரிக்கும்போதுதான் அதை மேலே ஏற்றுவார்கள். கடைகளில் தொங்கும் முக்கால்வாசி மாதிரிகளில் இந்தப் பிழை உண்டு.

கருவிகளுக்கு இப்போதைக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். கூர்க்கத்தியும் நிறைய பிளேடும், இரும்பு ஸ்கேல், சின்ன அரம் இரண்டு, கைத்துளைப்பான், ட்வீஸர், துணி காயப்போடும் கிளிப் இரண்டு டஜன். பட்டை வளைக்கும் இடுக்கி என்று ஒன்று விற்பார்கள். அது மரத்தில் வெட்டுப்போட்டு வளைக்கும். வாங்காதீர்கள்.

சாய்மரத்தின் நுனித்துண்டைக் கடைசியில் மாட்டுங்கள். என் சட்டைக்கை அதை மூன்று முறை முறித்திருக்கிறது, மூன்றுமே கப்பலைத் திருப்பி வைக்கும்போது. கண்ணாடிப் பெட்டி செய்யும்போது அடிப்பலகைக்கு ஓக் போடாதீர்கள். அதிலிருந்து கசியும் அமில ஆவி ஈய வார்ப்புகளை வெள்ளைப்பொடியாக அரித்துவிடும். பெட்டியை முழுக்க இறுக்கி மூடாமல், அடியில் காற்றுப்போக மெல்லிய இடைவெளி விட்டுவையுங்கள்.